ஆடிபிள், சார்!

குன்றத்தூரில் வீடு, ஒரகடத்தில் வேலை, கொரியாவிலோ ஜெர்மனியிலோ மேலதிகாரி என்று ஒரே நாளில் மூன்று ஊருக்குப் பதில் சொல்லிப் பிழைக்கும் ஒரு வர்க்கம் நம்மிடையே உண்டு. 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாயின் சான்ட்ரோ வெளியே வந்தபோது விழுந்த விதை அது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா, 2007இல் சாம்சங், 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான், 2012இல் டைம்லர் என்று ஆலைகள் வர வர வர்க்கமும் பெருகியது. நோக்கியா 2014இல் கடையைக் கட்டிவிட்டது, வர்க்கம் கட்டவில்லை. சப்ளையர் குவாலிட்டி, பிளானிங், லாஜிஸ்டிக்ஸ் என்று விசிட்டிங் கார்டில் எது அச்சாகியிருந்தாலும் இவர்களுடைய உண்மையான தொழில் பேச்சுதான். சியோலில் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்பே பொழுது விடிந்துவிடுகிறது. இங்கே பால் பாக்கெட்டைப் பிரிக்கிற வேளையில் அங்கே மீட்டிங் பாதி முடிந்திருக்கும். இப்படிப்பட்ட வர்க்கத்துக்கு ஹெட்செட் என்பது தச்சருக்கு உளி மாதிரியான தொழில் கருவி. அந்தக் கருவியை வாங்குகிற விஷயத்தில் இந்த வர்க்கத்துக்குள்ளேயே ஓர் உட்பிரிவு தோன்றியிருக்கிறது. அந்த உட்பிரிவைச் சேர்ந்தவரைத்தான் ஹெட்செட் நிபுணர் என்கிறோம்.

நிபுணரை அடையாளம் காண்பது சுலபம். கழுத்தில் ஒரு ஹெட்செட் தொங்கும், பையில் இன்னொன்று இருக்கும், ஆனாலும் அவர் மூன்றாவதைத் தேடிக்கொண்டிருப்பார். கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால் போதும், படப்பை வருவதற்குள் டிரைவர் எத்தனை மில்லிமீட்டர், பேட்டரி எத்தனை மணி நேரம், பத்து நிமிஷம் சார்ஜ் போட்டால் எவ்வளவு ஓடும் என்று எல்லாம் தெரிந்துவிடும். எக்செல் ஷீட் ஒன்று வைத்திருப்பார். அதில் மஞ்சள், பச்சை, சிவப்பு என்று கட்டங்கள் ஒளிரும். ஆலையில் உதிரிபாகத்துக்கு மூன்று கம்பெனியிடம் விலைப்புள்ளி கேட்டுப் பழகிய கை. சொந்தக் காசு என்று வரும்போது பதின்மூன்று மாடலாவது ஒப்பிடாமல் அந்தக் கை அடங்காது. இத்தனை கட்டங்கள் இருக்கிற ஷீட்டில் மைக் என்பதற்கு ஒரே ஒரு கட்டம்தான். அதிலும் 'உண்டு' என்று எழுதியிருக்கும். அவ்வளவுதான். நிபுணரின் மொத்தத் தவறும் அந்த ஒரு கட்டத்துக்குள் அடக்கம். அலுவலக ஹெட்செட்டை நாம் தலையில் மாட்டிக்கொண்டாலும், அதன் பலனை அனுபவிப்பவர் எதிர்முனையில் இருப்பவர். நம் காதுக்கு வருவது அவருடைய மைக்கின் தரம். அவர் காதுக்குப் போவதுதான் நம் மைக்கின் தரம். ஆக, ஒரு ஹெட்செட் எப்படி வேலை செய்கிறது என்பது உலகத்தில் எல்லோருக்கும் தெரியலாம், அதன் சொந்தக்காரர் ஒருவருக்கு மட்டும் தெரிய வழியில்லை.

கடையில் அவர் சோதனை செய்கிற அழகைப் பார்த்தால் இது விளங்கும். ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து அண்ணா சாலையில் இறங்கி ரிச்சி தெருவுக்குள் நுழைவார். கடைக்காரத் தம்பி நாலு டப்பாவைப் பிரித்து முன்னால் வைப்பான். "பாட்டு கேக்கவா சார், ஆபீஸுக்கா?" என்று ஒரு கேள்வி கேட்பான். அந்தத் தெருவிலேயே கேட்கத் தகுந்த ஒரே கேள்வி அதுதான். நிபுணர் அதை மதிக்காமல் "ரெண்டுக்கும்தான் தம்பி" என்று சொல்லிவிட்டு போனை எடுப்பார். இளையராஜா பாட்டு ஓடும். கண்ணை மூடிக்கொள்வார். பேஸ் கிட்டார் தனியாகக் கேட்கிறதா, வயலின்கள் இடப்பக்கம் விலகி நிற்கின்றனவா என்று ஆராய்வார். நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் 'பிராக்கெட் இன்னும் வரலை, டிரக் வாலாஜாபாத்துல நிக்குது' என்று பேசப்போகிற கருவிக்கு வயலின் பரீட்சை! கடையில் நின்றபடியே அதில் நாலு வரி பேசிப் பதிவு செய்து, திருப்பிப் போட்டுக் கேட்க அரை நிமிஷம் ஆகாது. காசும் ஆகாது. ஒருவேளை காசு ஆகாததால்தான் அந்தச் சோதனைக்கு அவரிடம் மரியாதை இல்லையோ என்னவோ.

அப்படியானால் வாங்கிய பிறகாவது உண்மை தெரிய வேண்டாமா என்று கேட்கலாம். தெரியாது, தெரியவிடாமல் பார்த்துக்கொள்ள நம் அலுவலக நாகரிகம் இருக்கிறது. கூட்டம் தொடங்கியதும் நிபுணர் "ஆம் ஐ ஆடிபிள்?" என்பார். கொரியாவில் இருப்பவர் நாகரிகம் கருதி "யெஸ் யெஸ்" என்பார். கீழே வேலை பார்க்கும் தம்பிகள் "ஆடிபிள் சார்" என்று கோரஸ் பாடுவார்கள். உண்மையில் அவர்களுக்குக் கேட்பது கிணற்றுக்குள் யாரோ வாளி விட்ட சத்தமாக இருக்கும். டிரெய்னியாக இருந்தபோது "டேய், ஒண்ணும் கேக்கல, போன்ல வா" என்று அதட்டுவதற்கு ஆள் இருந்தது. சீனியர் மேனேஜர் ஆனபிறகு யார் சொல்வது? பதவி ஏற ஏற மைக் நன்றாகிக்கொண்டே போகிறது என்று அவர் நினைத்துக்கொள்ள எல்லா நியாயமும் உண்டு. தப்பித்தவறிப் பதிவான கூட்டத்தில் தன் குரலைக் கேட்டுவிட்டால் அதற்கும் விளக்கம் தயார்: 'பதிவில் எல்லார் குரலும் அப்படித்தான்.' அதில் கால்பங்கு உண்மை இருப்பதுதான் தொல்லை. நம் குரலை நாம் காற்று வழியாக மட்டும் கேட்பதில்லை, மண்டையோட்டு எலும்பு வழியாகவும் கேட்கிறோம். எலும்பு தாழ்ந்த ஒலிகளை நன்றாகக் கடத்துவதால் நமக்கு நாமே எப்போதும் கம்பீரமாக ஒலிக்கிறோம். பதிவைக் கேட்டால் சப்பென்று இருப்பது அதனால்தான். அந்த ஒரு நியாயத்தின் நிழலில் மோசமான மைக்கும் ஒதுங்கிக்கொள்கிறது.

குன்றத்தூரிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலைக்குக் குரல் விஷயத்தில் பழம்பெருமை உண்டு என்பதை நினைத்தால் இன்னும் வருத்தமாக இருக்கிறது. சாலையின் ஒரு முனையில் உள்ள குன்றத்தூர் சேக்கிழார் பிறந்த ஊர். பெரிய புராணம் பாடத் தில்லையில் அசரீரி அவருக்கு முதலடி எடுத்துக் கொடுத்தது என்பது ஐதீகம். மறுமுனையில் ஸ்ரீபெரும்புதூர், அங்கே பிறந்த ராமானுஜர், ரகசியமாகக் காதில் ஓதப்பட்ட மந்திரத்தைத் திருக்கோஷ்டியூர்க் கோயிலில் மேலே ஏறி நின்று ஊருக்கே உரக்கச் சொன்னார் என்பது குருபரம்பரைக் கதை. ஒருவருக்கு மேலிருந்து தெளிவாகக் கேட்டது, இன்னொருவர் மேலிருந்து தெளிவாகச் சொன்னார். நடுவே இருக்கிற நம் நிபுணரோ, ஃபிஃப்டீன் என்று சொன்னது ஃபிஃப்டி என்று காதில் விழுந்து, இரண்டு பெட்டி அதிகமாக இறங்கிவிட்ட சரக்குக்கு விளக்கக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார்.

ஃபிஃப்டீன், ஃபிஃப்டி குழப்பம் வெறும் உச்சரிப்புக் கோளாறு என்று ஒதுக்கிவிட முடியாது. பழைய தொலைபேசி இணைப்புகள் ஏறக்குறைய 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்தின. 'ஸ', 'ஃப' போன்ற உரசொலிகளின் உயிர் பெரும்பாலும் அதற்கு மேலேதான் இருக்கிறது. அதனால்தான் அந்தக் காலத்தில் பெயரைச் சொன்னால் எஸ் ஃபார் சுகர் என்று கூடவே சொல்ல வேண்டியிருந்தது. இன்றைக்கு இன்டர்நெட் வழியே பேசும்போது அந்தக் கட்டாயம் இல்லை. அகலமான ஒலியே போகலாம். ஆனால் நிபுணர் ஆசையாக வாங்கிய புளூடூத் ஹெட்செட் பழைய காலத்தைத் திருப்பிக் கொண்டுவந்துவிடும். வழக்கமான புளூடூத்தில் பாட்டுக்கு ஒரு வழி, பேச்சுக்கு ஒரு வழி. மைக் வேலை செய்யத் தொடங்கிய கணமே கருவி பேச்சு வழிக்குத் தாவிவிடும். அந்த வழியின் பழைய வகையில் ஒரு நொடிக்கு 8,000 மாதிரிகள்தான் எடுக்கப்படும். அதாவது 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றும் போகாது. சற்றுப் புதியதில் 16,000. வயலின் பரீட்சையில் தேறிய அதே ஹெட்செட் மீட்டிங்கில் ரேடியோ மாதிரி கரகரப்பது இதனால்தான். எல்இ ஆடியோ என்கிற புது ஏற்பாடு இந்தக் குறையைப் போக்க வந்திருக்கிறது. ஆனால் ஹெட்செட், லேப்டாப் இரண்டுமே அதற்கு இசைய வேண்டும். கம்பெனி கொடுத்த நாலு வருஷ லேப்டாப் எதற்கும் இசையாது. யுஎஸ்பி கம்பி வைத்த ஹெட்செட்டில் இந்த வழி மாறும் கூத்தே கிடையாது. அதன் விலை 2,000 ரூபாயை ஒட்டி இருக்கும் என்பது நிபுணர் பார்வையில் அதன் முதல் குற்றம்.

இரண்டாவது குற்றம், வாய்க்கு முன்னால் நீளும் அந்தக் குச்சி. "அதைப் போட்டா கால் சென்டர் பையன் மாதிரி இருக்கு சார்" என்பார். மானப் பிரச்சினை. ஆனால் தொழிலுக்கான ஹெட்செட்டின் வரலாறே வாயிலிருந்துதான் தொடங்குகிறது. 1880களில் அமெரிக்கத் தொலைபேசி நிலையங்களில் வேலை பார்த்தவர்கள் பேசும் கருவியைத் தோளில் சுமந்து, ஒற்றைக் காதில் கேட்கும் கருவியை மாட்டிக்கொண்டு வேலை செய்தார்கள். இரண்டு காதையும் மூடும் ஹெட்ஃபோனை யூட்டாவைச் சேர்ந்த நத்தானியல் பால்ட்வின் அமெரிக்கக் கடற்படைக்கு விற்றது 1910 வாக்கில். அது வந்த சேதியைக் கேட்டுக்கொள்கிறவனுக்கான கருவி. 1969இல் நிலவிலிருந்து ஆம்ஸ்ட்ராங்கின் குரல் வந்ததும் வாயருகே மைக் வைத்த ஹெட்செட் வழியாகத்தான். ஏறக்குறைய 3,84,000 கிலோமீட்டர் தாண்டி வந்த குரலுக்கு அந்தக் குச்சி கௌரவக் குறைவாக இல்லை. கணக்கும் அதன் பக்கம்தான் பேசுகிறது. வாயிலிருந்து மைக் இருக்கும் தூரம் இரண்டு மடங்கானால், அதில் விழும் குரலின் வலு ஏறக்குறைய நாலில் ஒரு பங்காகிவிடும். குச்சி மைக் உதட்டோரத்திலிருந்து மூன்று சென்டிமீட்டரில் நிற்கும். காதுக்குள் செருகும் மொட்டின் மைக் பன்னிரண்டு சென்டிமீட்டராவது தள்ளி இருக்கும். பதினாறில் ஒரு பங்குக் குரலை வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கருவியின் சாமர்த்தியம் ஈடுகட்ட வேண்டும். ஆனால் சுற்றியிருக்கும் இரைச்சலோ இரண்டு மைக்குக்கும் ஒரே அளவில்தான் வந்து சேர்கிறது.

குன்றத்தூர் இரைச்சலைப் பற்றி இங்கே நாலு வார்த்தை சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நிபுணரின் எக்செல் ஷீட்டில் அதிகப் பச்சை வாங்கிய கட்டம் 'நாய்ஸ் கேன்சலிங்'. இதற்காக 25,000 ரூபாய்க்கு மேலும் கொடுக்கத் துணிவார். அமர் போஸ் என்கிற வங்காள வம்சாவளிப் பேராசிரியருக்கு 1978இல் விமானத்தில் பறந்தபோது உதித்த யோசனை, 1989இல் விமானிகளுக்கான ஹெட்செட்டாகக் கடைக்கு வந்தது. வெளியிலிருந்து வரும் இரைச்சலை அளந்து, அதற்கு நேர் எதிரான அலையைக் காதுக்குள் அனுப்பி இரண்டையும் கழித்துவிடும் வித்தை. விமான எஞ்சின், ஏசி, மின்விசிறி போல ஒரே சீராக 'உம்' என்று இருக்கும் தாழ்ந்த ஒலியிடம் இது நன்றாகப் பலிக்கும். நம் ஊர் இரைச்சல் அவ்வளவு ஒழுக்கமானதா? முகூர்த்த நாளில் மலைமேல் முருகன் கோயிலில் கல்யாணத்துக்கு மேல் கல்யாணம். கீழே மண்டப வாசலில் பேண்டு. 'பழைய இரும்பு, பழைய பிளாஸ்டிக்' என்று பதிவு செய்த குரலோடு மினி டெம்போ தெருவில் ஊர்ந்து வரும். ஆடி மாதம் கூழ் ஊற்றும் இடத்தில் ஸ்பீக்கர் கட்டுவார்கள். கன்டெய்னர் லாரிக்காரர் ஏர் ஹாரன் அடிப்பார். குக்கர் மூன்றாவது விசிலை மேலதிகாரி கேள்வி கேட்கும் நேரத்துக்கென்றே வைத்திருக்கும். திடீர் திடீரென்று எழும் கீச்சுக் குரல்களிடம் எதிரலை வித்தை அதிகம் எடுபடாது. இது போதாதென்று இன்னொரு விஷயமும் இருக்கிறது, நிபுணர்கள் பலர் கோட்டைவிடுவது இங்கேதான். டப்பாவில் போட்டிருக்கிற நாய்ஸ் கேன்சலிங் பெரும்பாலும் போட்டுக்கொண்டிருப்பவரின் காதைக் காப்பது. மைக்குக்குள் நுழையும் இரைச்சலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. விளைவு விபரீதமாக இருக்கும். நிபுணருக்கு உலகம் நிசப்தம். தெருவில் பேண்டு போவதே தெரியாது. கூட்டத்தில் இருக்கும் பன்னிரண்டு பேருக்கும் மாப்பிள்ளை ஊர்வலம் முழுசாகக் கேட்கும். முன்பாவது இரைச்சல் கேட்டதும் மியூட் போடுவார். இப்போது அதுவும் போயிற்று.

'அதெல்லாம் சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்ளும்' என்று ஒரு கட்சி கிளம்பும். டீம்ஸ், ஜூம் இரண்டிலும் இரைச்சலை வடிகட்டும் வசதி இருப்பது உண்மை; மின்விசிறி, கீபோர்டு சத்தங்களை அது நன்றாகவே துடைத்துவிடுகிறது. ஆனால் வடிகட்டியின் கையில் முதலில் குரல் போய்ச் சேர வேண்டும். தூரத்து மைக்கில் குரலும் இரைச்சலும் சரிசமமாகக் கலந்து வந்தால், எதை விடுவது, எதைப் பிடிப்பது என்று தெரியாமல் வார்த்தையின் வாலைச் சேர்த்து நறுக்கிவிடும். 'ஐம்பது வந்தது' என்று சொல்வது 'ஐம்ப... தது' என்று போகும். இன்னொரு மனிதக் குரல் பக்கத்தில் இருந்தால் சங்கடம் இன்னும் அதிகம். இரண்டும் குரல்தானே, இதில் எது இரைச்சல் என்று அது எப்படித் தீர்மானிக்கும்? "ஏங்க, மோட்டார் ஆஃப் பண்ணீங்களா, டேங்க் வழியுது" என்று சமையலறையிலிருந்து வரும் கேள்வி கணீரென்று ஜெர்மனி வரை போய்விடுகிறது. மொழி புரியாத அந்த ஜெர்மன்காரர் அதை நம் தரப்புக் கருத்தாகக் குறித்துக்கொண்டாலும் வியப்பில்லை.

மைக்கே எல்லாம் என்றால் காது என்ன பாவம் செய்தது என்று கேட்டால், அதில் நியாயம் இருக்கிறது. நாள் முழுக்கத் தலையில் கிடக்கும் பொருள் கனமாக இருக்கக் கூடாது, பொட்டை நெருக்கக் கூடாது. நம் வெயிலுக்குச் செயற்கைத் தோல் உறை இரண்டு கோடையில் உரிந்து காதோரம் கறுப்புப் பொருக்காக ஒட்டிக்கொள்ளும். துணி அல்லது நுரை உறை, அதுவும் கழற்றி மாற்றக்கூடியதாக இருந்தால் புண்ணியம். ஷிஃப்ட் மாறும்போது கைமாறும் ஹெட்செட்டுக்கு இது சுகாதார விஷயமும்கூட. சத்தத்தின் அளவும் முக்கியம். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதென்றால் 80 டெசிபலைத் தாண்ட வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் நிபுணர் ஏன் ஒலியைக் கூட்டிக்கொண்டே போகிறார் என்று பாருங்கள். எதிர்முனைக்காரரின் மைக் சரியில்லை. அவரும் ஒரு நிபுணர். அவர் ஊரில் அவரும் வயலின் கேட்டு வாங்கியிருக்கிறார். ஒருவர் மைக்கின் பாவத்தை இன்னொருவர் காது சுமக்கிறது. காதைக் காப்பாற்ற வேண்டுமென்றாலும் சுற்றி வளைத்து மைக்குக்கே வந்து சேர வேண்டியிருக்கிறது. ஆலைத் தளத்துக்குள் அடிக்கடி இறங்குகிறவர்கள் மட்டும் வேறு கணக்கு. அங்கே இரண்டு காதையும் மூடிக்கொண்டு போன் பேசுவது ஃபோர்க்லிஃப்ட்டின் ஹாரனைக் கேட்கமாட்டேன் என்று சபதம் எடுப்பதற்குச் சமம். இரைச்சலுக்கு இயர் பிளக், பேச்சுக்கு வெளியே வந்து போன். இரண்டையும் ஒரே கருவியில் முடிக்கப் பார்க்கிற புத்திசாலித்தனம் அங்கே வேண்டாம்.

நிபுணர் கடைசியில் என்ன வாங்குவார் என்பதில் ஐயமே இல்லை. தீபாவளித் தள்ளுபடியில், குச்சி இல்லாத, கம்பி இல்லாத, முப்பது மணி நேரம் பேட்டரி நிற்கிற ஒன்றை வாங்குவார். பத்து நாள் பரவசம். பதினோராம் நாள் கொரியாக்காரர் மிகுந்த பணிவோடு, நீங்கள் பயணத்தில் இருக்கிறீர்களா என்று கேட்பார். நிபுணர் வீட்டு ஹாலில் சோபாவில் உட்கார்ந்திருப்பார். "நெட்வொர்க் இஷ்யூ" என்று பதில் போகும். அன்றைக்கே எக்செல் ஷீட் மறுபடி திறக்கப்படும். அதே வீட்டின் அடுத்த அறையில் அவர் மனைவி, பழைய போனோடு வந்த கம்பி இயர்ஃபோனை லேப்டாப்பில் செருகி, கம்பியிலிருக்கும் சின்ன மைக்கை இரண்டு விரலால் உதட்டருகே பிடித்தபடி பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்கு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பார். துபாயில் இருக்கும் பிள்ளைக்குக்கூட ஒரு எழுத்து சிந்தாமல் போய்ச் சேரும். "உங்க டீச்சர் குரல் எப்படி இவ்வளவு கிளியரா இருக்கு?" என்று அந்தப் பிள்ளையின் அம்மா கேட்டதை அவர் வந்து சொன்னால், நிபுணர் ஷீட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "அது உன் குரல்வாகு" என்பார்.